கலங்கல் தண்ணீரில் ஆர்ஓவி: பாலத்தூணும் மதகும் பார்க்கும் முறை

மட்டக்களப்பு வாவியில் ஆர்ஓவியை, அதாவது கேபிளில் கட்டி மேலிருந்து ஓட்டும் கமரா பூட்டிய நீருக்கடி இயந்திரத்தை, இறக்கினால் திரையில் தெரிவது பெரும்பாலும் பச்சையும் மண்ணிறமும்தான். கொஞ்ச நேரத்தில், எங்கிருந்தோ வந்ததுபோல, ஒரு வெடிப்பு கமராவுக்கு முன்னால் நிற்கும். அது எந்தத் தூண், ஓட்டம் வரும் மேல்நீர்ப் பக்கமா, போகும் கீழ்நீர்ப் பக்கமா, எத்தனை மீற்றர் ஆழம்? இதற்குப் பதில் இல்லாத வீடியோ மூன்று மணித்தியாலம் ஓடினாலும் பொறியியலாளருக்கு உதவாது. ஆகவே இந்த வழிகாட்டியில் இயந்திரம் ஓட்டுவதைவிட, அது எங்கே நிற்கிறது என்பதைத் தவறாமல் அறிவதற்குத்தான் கூடுதல் இடம்.

கல்லடியில் 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம், அதன் பக்கத்தில் 2013இல் வந்த புதுப் பாலம், மண்முனைப் பாலம், ஓட்டமாவடிப் பாலம், வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகம், ஒலுவில் துறைமுகம், உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் மதகுகள் என்று மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் தண்ணீருக்குள் நிற்கும் கட்டுமானம் ஏராளம். தண்ணீர் கலங்கல், வலை நிறைய, குளங்களில் முதலையும் உண்டு. சுழியோடியை இறக்குவதற்கு முன் இயந்திரத்தை இறக்கிப் பார்ப்பது புத்தி.

எந்த இயந்திரம்

10 முதல் 12 கிலோ எடையுள்ள, இரண்டு பேர் தூக்கி வள்ளத்தில் வைக்கக்கூடிய சிறிய ரகம் போதும். புளூரோவ்2 அந்த வகை. அதில் விசிறியால் தள்ளும் ஆறு உந்திகள். கனரகக் கட்டமைப்பில் எட்டு. பாலத்தூண் வேலைக்கு எட்டு உந்தி உள்ளதை எடுங்கள். நீரோட்டம் இடிக்கும்போது சரியாமல் நிற்கும். ஆழத் தரம் 100 மீற்றர் என்றாலே நமக்கு மிச்சம். வாவியில் இந்த வேலைகள் ஒற்றை இலக்க மீற்றருக்குள் முடியும். மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9இல் மூழ்கிய ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் கிடப்பது 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில். அது வேறு வேலை, வேறு அனுமதி.

ஆழத் தரத்துக்குக் கொடுக்கும் காசை, ஒலியால் உருவம் காட்டும் சுழலும் சோனாருக்குக் கொடுத்தால் பிரயோசனம். கமரா 30 சென்ரிமீற்றருக்கு அப்பால் குருடாகும் நாளிலும் சோனார் பல மீற்றர் தூரத்தில் தூணின் உருவத்தையும் அடியில் கிடக்கும் மரக்குற்றியையும் காட்டும். வெடிப்பை அது காட்டாது.

ஆள் கணக்கு: ஓட்டுபவர், கேபிள் பிடிப்பவர், குறிப்பெழுதுபவர், வள்ளக்காரர். ஓட்டுபவரே குறிப்பும் எழுதலாம் என்று ஒருவரைக் குறைப்பது நடக்கிறது. அந்த அறிக்கையை வாசித்தாலே தெரிந்துவிடும்.

பாலம் வீதி அபிவிருத்தி அதிகார சபையினது, குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தினது. எந்த அலுவலகத்தின் சொத்தோ அதன் எழுத்து அனுமதி கையில் இருக்கட்டும். வேலை நாளைப் பக்கத்து மீனவர் சங்கத்துக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வலை போட்ட இடத்தை அவர்கள் சொல்வார்கள். எந்த வரைபடத்திலும் அது இல்லை.

நாளும் நேரமும்

மாரி மழை முடிந்து ஆற்றுநீர் வடியும்வரை வாவிப் பக்கம் போக வேண்டாம். சித்திரை தொடங்கி ஆவணி வரை நல்ல காலம். அதிலும் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் பத்து மணிக்குப் பின் ஆழமில்லாத வாவி அடியோடு கலங்கும். காலை ஆறரைக்கு முதல் இறக்கம் என்று வைத்தால் மூன்று மணித்தியாலம் கிடைக்கும். சித்திரையில் பின்னேரம் இடி மின்னல் வரும். மதியத்தோடு கேபிளைச் சுருட்டிவிடுவது நல்லது.

தண்ணீரின் தெளிவை அளந்து எழுதுங்கள். 20 சென்ரிமீற்றர் அகலமுள்ள வெள்ளைத் தட்டு ஒன்றில் துளை போட்டு, அடையாளமிட்ட கயிற்றில் கட்டி, நிழல் பக்கமாக இறக்குங்கள். தட்டு மறையும் ஆழம்தான் அன்றைய அளவு. எங்கள் கைக்கணக்கில் அந்த ஆழத்தின் பாதித் தூரத்துக்குத்தான் கமரா பயன்படும். தட்டு 40 சென்ரிமீற்றரிலேயே மறைந்தால் வெறும் கமராவை நம்பி இறங்க வேண்டாம். அதற்கு வழி பின்னால் வருகிறது.

குளத்து மதகு என்றால் சிறுபோக அறுவடை முடிந்து மதகு மூடியிருக்கும் ஆவணி, புரட்டாதிதான் வாய்ப்பு. பெரும்போகத்துக்குத் தண்ணீர் விடத் தொடங்கினால் அடுத்த வருடம்தான்.

உப்பும் நன்னீரும்: எடை சரிசெய்தல்

ஆர்ஓவி தண்ணீரில் தானாக மிதக்கவும் கூடாது, தாழவும் கூடாது. மெல்ல மேலே வரும் அளவுக்குச் சிறிய மிதப்பு மட்டும் இருக்க வேண்டும். மற்ற ஊர்களில் இதை ஒருமுறை சரிசெய்தால் போதும். நம் வாவியில் போதாது. மாரியில் ஏறக்குறைய நன்னீர், கோடையில் முகத்துவாரப் பக்கம் கடல்நீர். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 வீதம் அடர்த்தி கூடியது. 11 கிலோ இயந்திரம் இடம்பெயர்க்கும் தண்ணீர் ஏறக்குறைய 11 லீற்றர். ஆகவே உன்னிச்சைக் குளத்தில் சரியாக நின்ற இயந்திரம் பாலமீன்மடுவில் 275 கிராம் மேல்நோக்கி இழுக்கும். அதைக் கீழே பிடித்துவைக்க உந்திகள் இடைவிடாமல் ஓடும், பற்றரி தீரும். அதைவிடக் கெடுதல், அந்த உந்திகளின் வீச்சு அடிச்சேற்றைக் கிளப்பும்.

100 கிராம், 50 கிராம் ஈயத்துண்டுகள் ஆறேழு எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். வேலை செய்யும் தண்ணீரிலேயே ஒரு பெரிய தொட்டியை நிரப்பிப் பார்க்கலாம், அல்லது வள்ளத்தின் பக்கத்தில் இறக்கி உந்திகளை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். ஒரு மீற்றர் மேலே வர பத்து விநாடி எடுத்தால் சரி. முன்பக்கம் தாழ்ந்தால் ஈயத்தைப் பின்னுக்கு நகர்த்துங்கள், மேலும் சேர்க்க வேண்டாம்.

முகத்துவாரத்துக்குக் கிட்ட இன்னொரு வேடிக்கை உண்டு. மேலே நன்னீர், கீழே உப்புநீர் என்று இரண்டு படை. மேல்படையில் சரியாக நின்ற இயந்திரம் கீழ்ப்படைக்குள் இறங்க மறுக்கும், பந்துபோல எழும்பும். இரண்டும் கலக்கும் மட்டத்தில் படம் எண்ணெய் பூசியதுபோல் கலங்கித் தெரியும். கமரா பழுது என்று நினைத்துத் திறந்து பார்க்காதீர்கள். அரை மீற்றர் கீழே தள்ளினால் தெளியும்.

ஆழமானி அழுத்தத்தைத்தான் அளக்கிறது. அதை மீற்றராக மாற்றுவது மென்பொருளில் நீங்கள் கொடுத்த அடர்த்தி. உப்புநீர் என்று வைத்துவிட்டு நன்னீரில் ஓட்டினால் 4 மீற்றரில் 10 சென்ரிமீற்றர் பிழை வரும். ஒவ்வொரு இடத்திலும் இதைத் தேர்வுசெய்து, நீர்மட்டத்தில் பூச்சியமாக்கி, அதன்பின் இறக்குங்கள்.

காற்றுக் கசிவுச் சோதனை

மின்கருவிகள் உள்ள மூடிய உருளையிலிருந்து கைப்பம்பால் காற்றை உறிஞ்சி, மானியில் 10 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் ஏற்றுங்கள். 15 நிமிடத்தில் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் ஓ-றிங் எனும் றப்பர் வளையத்தில் ஒட்டிய ஒரு தலைமயிர் அல்லது மணல்மணி. கழற்றி, பஞ்சு விடாத துணியால் துடைத்து, சிலிக்கன் கிறீஸை விரல்நுனியால் மெல்லியதாகப் பூசி மாட்டுங்கள். கிறீஸ் கூடினால் மணலை அதுவே பிடித்துவைக்கும். சோதனை முடிந்ததும் காற்று உறிஞ்சிய துளையின் அடைப்பானை மாட்ட மறப்பது ஒன்றும் அபூர்வமில்லை. தண்ணீர் புகுந்த இயந்திரங்களில் கணிசமானவை இப்படித்தான் போகின்றன. இறக்குமுன் குறிப்பெழுதுபவர் "அடைப்பான்?" என்று சத்தமாகக் கேட்க, கேபிள் பிடிப்பவர் அதைத் தொட்டுப் பார்த்து "இருக்கு" என்று சொல்வதை வழக்கமாக்குங்கள்.

நமது ஈரக்காற்றில் உருளையை வெளியில் வைத்து மூடினால் தண்ணீருக்குள் போனதும் கண்ணாடி உள்ளே வேர்க்கும். முதல் நாள் இரவே குளிரூட்டிய அறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு மூடுங்கள்.

இடம் அறிதல்

தண்ணீருக்கடியில் ஜிபிஎஸ் இல்லை. திசைகாட்டியும் கம்பி கட்டிய கொங்கிறீற்றுக்குக் கிட்டப் போனால் பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றும். பழைய கல்லடிப் பாலத்தின் இரும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விலையுயர்ந்த ஒலிவழி இடங்காட்டிகள்கூட 3 மீற்றர் ஆழத்தில் தூண்களுக்கிடையே எதிரொலியால் தடுமாறும். இங்கே உதவுவது கயிறு.

6 மில்லிமீற்றர் கயிறு, அடியில் 3 கிலோ இரும்பு. ஒவ்வொரு அரை மீற்றருக்கும் நிறநாடா: 1 மீற்றரில் ஒரு பட்டி, 2 மீற்றரில் இரண்டு, அரை மீற்றர்களில் வெள்ளை. கமராவில் எண் வாசிக்க முடியாத கலங்கலிலும் பட்டியை எண்ணலாம். தூணின் நான்கு பக்கமும் இப்படி நான்கு தூக்குக்கயிறு தொங்கவிடுங்கள். கயிற்றுக்குக் கயிறு நிறம் வேறாக இருக்கட்டும். ஆர்ஓவி எங்கே தொலைந்தாலும் ஒரு கயிற்றைக் கண்டுபிடித்தால் இடம் தெரியும்.

தூணைச் சுற்றிய இடத்தைக் கடிகாரமாகப் பிரியுங்கள்: மேல்நீர்ப் பக்கம் 12 மணி, கீழ்நீர்ப் பக்கம் 6 மணி. வாவியில் மேல்நீர் எது என்ற வாக்குவாதம் வரும், ஏனென்றால் ஓட்டம் காற்றோடும் முகத்துவாரத்தோடும் திரும்பும். தாளில் ஒருமுறை வரைந்து, பாலத்தில் சோக்கால் எழுதி, எல்லாரும் அதையே பிடிக்க வேண்டும். தூண் எண்களையும் பாலத்தின் வரைபடத்தில் உள்ளபடியே எடுங்கள். நீங்களாக எண்ணத் தொடங்கினால் ஒருவர் கல்லடிப் பக்கமிருந்தும் மற்றவர் நகரப் பக்கமிருந்தும் எண்ணுவார்.

அடுத்தது நீர்மட்டம். முகத்துவாரம் வெட்டிவிட்ட பிறகு வாவி மட்டம் நாளுக்கு நாள் இறங்கும். இன்றைய 2 மீற்றர் ஆழம் அடுத்த கிழமை வேறு இடம். ஆகவே ஒவ்வொரு இறக்கத்தின் முதலிலும் முடிவிலும் தூணின் தலைக்கட்டின் அடிப்பக்கத்திலிருந்து தண்ணீர் வரை அளவுநாடாவால் அளந்து எழுதுங்கள். எல்லா ஆழத்தையும் கடைசியில் அந்தத் தலைக்கட்டிலிருந்து கணக்கிட்டுத்தான் அறிக்கையில் போட வேண்டும்.

வள்ளமும் கேபிளும்

வள்ளத்தைத் தூணுக்குக் கீழ்நீர்ப் பக்கம், 8 முதல் 10 மீற்றர் தள்ளி, முன்னும் பின்னும் இரண்டு நங்கூரத்தில் நிறுத்துங்கள். உந்தி நின்றுபோனால் இயந்திரம் தூணில் சிக்காமல் வள்ளத்தை நோக்கி வரும். கேபிளும் ஓட்டத்தோடு பின்னால் நீளும், தூணில் சுற்றாது. வள்ளத்தின் எஞ்ஜின் நின்றிருக்க வேண்டும், விசிறி தண்ணீருக்கு மேலே தூக்கியிருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

ஓட்டத்தை அளக்க முக்கால்வாசி தண்ணீர் நிரப்பிய போத்தல் போதும். வெறும் போத்தலைக் காற்று தள்ளும். 5 மீற்றர் கடக்க 10 விநாடி எடுத்தால் விநாடிக்கு அரை மீற்றர். அந்த வேகத்தில் 7.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள கேபிள் 30 மீற்றர் குறுக்கே கிடந்தால் கேபிளை மட்டும் ஓட்டம் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ விசையோடு இழுக்கும். வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கு, அதாவது 14 கிலோ. புளூரோவ்2இன் முன்னோக்கிய உந்துவிசை 9 கிலோ அளவுதான். விளம்பரத்தில் விநாடிக்கு 1.5 மீற்றர் ஓடும் என்று இருக்கும். அது கேபிள் இழுவை இல்லாத நேர்க்கோட்டு ஓட்டம். அரை மீற்றருக்கு மேல் ஓட்டம் இருந்தால் அன்று இறக்க வேண்டாம். கேபிள் எவ்வளவு குறைவாக வெளியே இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

கேபிள் பிடிப்பவருக்கு மூன்று சொல் போதும்: விடு, நில், இழு. ஓட்டுபவர் சொல்வார், பிடிப்பவர் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்வார். கை எப்போதும் கேபிளில் இருக்க வேண்டும். தளர்ந்த கேபிள் அடியில் வளையம் போட்டு மட்டிச் சிப்பியில் சிக்கும், இறுகிய கேபிள் இயந்திரத்தைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டையும் திரையில் பார்க்க முடியாது, கைதான் அறியும்.

ஒரு தூணைச் சுற்றிவராதீர்கள். 6 மணியிலிருந்து இடப்பக்கமாக 12 வரை போய், அதே வழியில் திரும்பி, பிறகு வலப்பக்கம். சுற்றிவந்தால் கேபிள் தூணைக் கட்டிவிடும். அப்போது யாராவது பலமாக இழுக்க, கேபிளின் உள்ளே உள்ள செப்புக்கம்பி அறும்.

தூணைத் துடைத்ததுபோல் பார்ப்பது

80 பாகைக் கோணமுள்ள கமரா 30 சென்ரிமீற்றர் தூரத்தில் சுமார் 50 சென்ரிமீற்றர் அகலத்தைக் காட்டும். மேலிருந்து கீழாக ஒரு கீற்று, பக்கத்தில் நகர்ந்து கீழிருந்து மேலாக அடுத்த கீற்று. கீற்றுக்குக் கீற்று 35 சென்ரிமீற்றர் நகர்ந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும். 1.5 மீற்றர் குறுக்களவுள்ள தூணின் சுற்றளவு 4.7 மீற்றர், ஆக 14 கீற்று. விநாடிக்கு 10 சென்ரிமீற்றர் வேகத்தில் 4 மீற்றர் ஆழத்துக்கு ஒரு கீற்று 40 விநாடி. கணக்குப்படி பத்து நிமிடத்தில் முடியும். நின்று பார்ப்பது, கயிற்றைத் தேடுவது எல்லாம் சேர்ந்தால் அரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 50 சென்ரிமீற்றரை 1920 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளிக்கு 0.26 மில்லிமீற்றர். அதாவது 0.3 மில்லிமீற்றர் வெடிப்பு ஒரு புள்ளி அகலத்தில்தான் விழும், கலங்கலில் அதுவும் கரையும். 1 மில்லிமீற்றருக்குக் குறைந்த எதற்கும் வீடியோவை வைத்து அகலம் சொல்லாதீர்கள். "மெல்லிய வெடிப்பு, சுழியோடி அளக்க வேண்டும்" என்று எழுதுவது நேர்மை. பெரியவற்றுக்கு 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் சமாந்தரமாகப் பொருத்திய இரண்டு லேசர் புள்ளிகள் அளவுகோலாகும். அவற்றைக் காலையில் ஒரு சுவரில் 30 சென்ரிமீற்றரிலும் 1 மீற்றரிலும் பார்த்து இடைவெளி மாறவில்லை என்று உறுதிசெய்த பிறகே இறக்குங்கள்.

தெரியவில்லை என்று விளக்கைக் கூட்டுவது புதியவரின் கை. கலங்கல் தண்ணீரில் மிதக்கும் துகள்கள் ஒளியைத் திருப்பி அடித்து, இரவு மூடுபனியில் வாகனத்தின் பெரிய விளக்கைப் போட்டதுபோல் ஆகும். விளக்குகளைக் கமராவிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கலாமோ அவ்வளவு தள்ளி, சற்று வெளிப்பக்கம் திருப்பி, ஒளியைக் கால்வாசிக்குக் குறையுங்கள்.

அதற்கும் தெரியாவிட்டால் தெளிநீர்ப் பெட்டி. 4 மில்லிமீற்றர் பெர்ஸ்பெக்ஸ் எனும் கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக்கில் முன்பக்கம் 25க்கு 25, பின்பக்கம் 12க்கு 12, நீளம் 20 சென்ரிமீற்றர் என்று வெட்டி ஒட்டிய ஒரு கூம்புப் பெட்டி. அதற்குள் ஏழு லீற்றர் சுத்தமான தண்ணீர் பிடிக்கும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை ஊற்றினால் குமிழி குறையும். இதைக் கமராவுக்கு முன்னால் பொருத்தி, முன்முகத்தைத் தூணோடு ஒட்டினால் கமராவுக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில் இருப்பது தெளிந்த தண்ணீர் மட்டுமே. சுழியோடிகள் கையில் பிடிக்கும் பெட்டியின் சிறிய வடிவம்தான் இது. சிரமம் என்னவென்றால் ஏழு கிலோ கூடுதல் பாரத்தை உந்திகள் நகர்த்தவும் நிறுத்தவும் வேண்டும், இயந்திரம் மந்தமாகும். உப்பு வாவியில் உள்ளே உள்ள நன்னீர் மேலே தூக்கும், பெட்டியின் சொந்த எடை அதைப் பெரும்பாலும் ஈடுகட்டும். இருந்தாலும் ஈயத்தை மீண்டும் சரிபாருங்கள். முழுத் தூணுக்கும் இதைப் பாவிக்க முடியாது, சந்தேகமான இடங்களுக்கு மட்டும்.

எதைத் தேடுவது

நீர்மட்டத்தைச் சுற்றிய அரை மீற்றரில் கொட்டலசும் ஒட்டுச்சிப்பியும் மூடியிருக்கும். மூடிய இடத்தைப் பார்த்து "குறை இல்லை" என்று எழுத முடியாது. வெளிநாட்டு வழிகாட்டிகளில், எல்லாத் தூணையும் பார்வையால் பார்ப்பது முதல் நிலை. பத்தில் ஒன்றை நீர்மட்டம், நடு, அடிமண் என்று மூன்று இடத்தில் ஓரடி அகலத்துக்குச் சுரண்டிப் பார்ப்பது இரண்டாம் நிலை. 11 கிலோ இயந்திரத்தால் சுரண்ட முடியாது, தள்ளினால் தானே பின்னுக்குப் போகும். மேல் இரண்டு மீற்றருக்கு வள்ளத்திலிருந்து நீளக் குழாயில் கட்டிய கம்பித்தூரிகையால் சுரண்டிவிட்டு, சேறு அடங்கப் பதினைந்து நிமிடம் விட்டு, இயந்திரத்தை அனுப்புங்கள். அதற்குக் கீழே சுழியோடி வேண்டும்.

கொங்கிறீற்றில் பார்க்க வேண்டியவை: நிமிர்ந்த வெடிப்பு, மூலை உடைவு, தேன்கூடுபோல் கல் தெரியும் இடம், வார்ப்பு நின்று தொடங்கிய வளையக்கோடு, வெளித்தெரியும் கம்பி. கம்பித்துரு தண்ணீருக்குள் செம்மண்ணிறமாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒட்சிசன் குறைந்த இடத்தில் கறுப்பாக இருக்கும். சேற்றுக் கறை என்று கடந்து போகிறவர்கள் பலர். இரும்புத் தூணிலும் தகட்டுச் சுவரிலும் தாழ்நீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே உள்ள பட்டையைத் தவறவிடாதீர்கள், அங்கேதான் அரிப்பு ஓடும்.

ஆனால் பாலத்தை விழுத்துவது பெரும்பாலும் வெடிப்பு அல்ல, அடிமண் அரிப்பு. 1987இல் அமெரிக்காவில் ஸ்கொஹாரி ஓடைப் பாலம் வெள்ளத்தில் விழுந்து பத்துப் பேர் இறந்தது இதனால்தான். ஓட்டம் தூணில் முட்டிக் கீழே சுழன்று, மேல்நீர்ப் பக்க அடியில் குழி தோண்டும். வட்டத் தூணுக்குக் குழி தூணின் குறுக்களவைப்போல 2.4 மடங்கு வரை போகலாம் என்பது வடிவமைப்பில் எடுக்கும் உச்ச வரம்பு.

இதில்தான் ஆர்ஓவி ஆளை ஏமாற்றும். குழி ஆழமாவது மார்கழி, தையில் வெள்ளம் ஓடும்போது. வெள்ளம் வடியும்போது இளகிய சேறும் மணலும் அதே குழியை நிரப்பிவிடும். நாம் நல்ல தண்ணீர் பார்த்து வைகாசியில் இறங்கினால் அடி மட்டமாக, அழகாக இருக்கும். கமராவும் சோனாரும் சேற்றின் மேல்முகத்தைத்தான் காணும். "அரிப்பு இல்லை" என்று அறிக்கை போகும். அந்தச் சேறு தூணுக்கு எந்தப் பிடிப்பும் தராது.

ஆகவே ஒரு கம்பி வேண்டும். 12 மில்லிமீற்றர் இரும்புக்கம்பியைக் குழாயோடு இணைத்து, வள்ளத்திலிருந்து கையால் குத்துங்கள். தூணைச் சுற்றி எட்டுத் திசையில், தூணோடு ஒட்டியும், 1, 2, 4 மீற்றர் தள்ளியும், மொத்தம் 32 இடம். கம்பி சேற்றைத் தொட்ட ஆழம் ஒன்று. உடல்பாரத்தை வைத்து அமுக்கிக் கெட்டி மணலில் 'டக்' என்று நின்ற ஆழம் இன்னொன்று. இரண்டையும் எழுதுங்கள். தள்ளிப்போன இடத்தில் வித்தியாசம் 20 சென்ரிமீற்றரும் தூணடியில் ஒன்றரை மீற்றருமாக இருந்தால் உங்கள் கையில் இருப்பது நிரம்பிய குழி. ஆர்ஓவியின் வேலை, கம்பி தூணோடு ஒட்டித்தான் நிற்கிறதா, மரக்குற்றியில் முட்டி நிற்கிறதா என்று பார்ப்பது.

மதகு: ஆபத்து இங்கேதான்

குளத்து மதகின் கதவு கொஞ்சம் திறந்திருந்தாலும் ஆர்ஓவியை இறக்கக்கூடாது. 6 மீற்றர் தண்ணீருக்குக் கீழே 20க்கு 20 சென்ரிமீற்றர் இடைவெளியை இயந்திரம் அடைத்தால் அதை அமுக்கும் விசை ஏறக்குறைய 240 கிலோ. கேபிள் வேலைக்குத் தாங்குவது 36 கிலோ, அறுவது 160 கிலோ அளவில். இழுத்தெடுக்க வழியே இல்லை. திணைக்களத்தின் பொறுப்பாளர் கதவை மூடி, சுழற்றும் கைப்பிடியைக் கழற்றி, வேலை முடியும்வரை உங்கள் வள்ளத்திலேயே வைத்திருக்கட்டும். வாய்க்கால் பக்கம் ஒருவர் நின்று, வெளியே வரும் தண்ணீர் கூடவில்லை என்று பார்க்க வேண்டும்.

மதகுவாயில் ஆற்றுவாழையும் சல்பீனியாவும் பந்தாக அடைத்திருக்கும். முதலில் சோனாரால் தூரத்திலிருந்து பார்த்து, பக்கவாட்டில் கிட்டப் போங்கள். கம்பித்தடுப்பு, கதவு ஓடும் தவாளிப்பு, றப்பர் விளிம்பு, அடிப்படிக்கட்டு என்ற வரிசையில் பாருங்கள். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கச் சாயம் விடுவது வழக்கம். மண்ணிறத் தண்ணீரில் சிவப்பும் பச்சையும் தெரியாது, பால் தெரியும். 4 மில்லிமீற்றர் மெல்லிய குழாயைக் கேபிளோடு ஒட்டி, மேலிருந்து ஊசிக்குழலால் ஒருமுறைக்கு 20 மில்லிலீற்றர் தள்ளுங்கள். உந்தியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் உந்தியின் வீச்சே பாலைச் சிதறடிக்கும். கசிவு உள்ள விளிம்பில் வெள்ளைக்கோடு நூல்போல நீண்டு உள்ளே போகும்.

கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று இயந்திரத்தை இறக்காதீர்கள். முதலை இருக்கும் குளத்தில் அது விளையாட்டில்லை.

ஒலுவில், வாழைச்சேனை

ஒலுவிலில் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து, வாயை மூடி, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரிக்கிற கதை எல்லாருக்கும் தெரியும். அலைத்தடுப்பின் அடியில் கற்கள் சரிந்திருக்கிறதா, கல் இடைவெளியில் மண் வெளியேறுகிறதா என்பதே இங்கே பார்வை. கல்லுக்குள் கேபிள் விழுந்தால் எடுப்பது கஷ்டம். 2 மீற்றருக்கு ஒன்றாகச் சிறு மிதவை கட்டிக் கேபிளைத் தூக்கி வையுங்கள். அலையின் ஏற்ற இறக்கம் அரை மீற்றரைத் தாண்டினால் கல்லில் மோதும். மீன்பிடித் துறைமுகத்தில் தொல்லை தங்கூசி. உந்தியில் சுற்றினால் முழு வேகத்தில் முறுக்கி அறுக்கப் பார்க்காதீர்கள், அச்சுத் தாங்கிக்குள் போய் உருகி ஒட்டும். நிறுத்தி, கேபிளால் மெல்ல இழுத்து மேலே எடுங்கள்.

பதிவு

வீடியோவில் தூண் எண், மணி, ஆழம், நேரம் ஓடட்டும். கணினி உலக நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணித்தியாலம் பிந்தும்; காலையில் பார்த்து மாற்றுங்கள். அதைத் தவிரக் கையெழுத்துக் குறிப்பும் வேண்டும். ஒரு வரி இப்படி இருக்கலாம்:

"07:42. தூண் 3, 4 மணி. நீரில் 2.1 மீ., தலைக்கட்டிலிருந்து 3.6 மீ. நிமிர்ந்த வெடிப்பு, நீளம் 40 செ.மீ. (லேசர்), அகலம் அளக்கவில்லை. கறுப்புக் கறை கீழே 15 செ.மீ. தெளிவு 55 செ.மீ. நீலக்கயிற்றுக்கு வலம் 30 செ.மீ."

பார்க்க முடியாத இடத்தையும் அதே கவனத்தோடு எழுதுங்கள்: "7 முதல் 9 மணி, 1.5 மீற்றருக்குக் கீழ், வலை சிக்கியதால் பார்க்கவில்லை." அடுத்த முறை போகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த வரிதான்.

கழுவுதல்

வாவி என்றாலும் கடல் என்றாலும், அன்றே நல்ல தண்ணீர்த் தொட்டியில் அரை மணித்தியாலம் மூழ்கவைத்து, உந்திகளை மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டுங்கள். கேபிளையும் முழு நீளமும் ஈரத்துணிக்குள் ஓட்டி எடுங்கள், எங்கே கீறியிருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். திருக்கோவில் போன்ற கருமணல் உள்ள கரைகளில் இறக்கினால் உந்தியைக் கழற்றியே பார்க்க வேண்டும். அந்த மணல் உந்திக்குள்ளிருக்கும் காந்தத்தில் ஒட்டும், தண்ணீரில் கழுவினால் போகாது. ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தால் ஒற்றி ஒற்றி எடுங்கள். விசிறியைக் கையால் சுற்றும்போது கரகரப்பு நின்றால் மாட்டலாம்.